கமக்காரர் என்று நான் சொன்ன மாமாவுக்கு

என் அன்பான வில்ஃப் மாமா,

நீங்கள் போய் இன்றைக்கு இருபத்திநாலு நாள். உங்களுக்குத் தெரிந்த தமிழ் மூன்றே சொல். மாமா, காணும், கொஞ்சம். பின்னைய இரண்டும் சோறு போடும்போது போதும் என்று தடுக்கப் பழகியவை. இனி வாசிக்க முடியாத ஒருவருக்கு அவருக்குத் தெரியாத மொழியில் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு வசதி என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். பதினெட்டு வருஷம் நான் அந்த வசதியில்தான் சீவித்தேன்.

முதலில் வீட்டுப் புதினம். முனைப் பேக்கரியில் பாண் விற்கிறவள் உங்களைக் கேட்டாள், சொன்னேன், கவுண்டருக்குப் பின்னால் நின்று மூக்கைத் துடைத்தாள். எங்கள் தெரு முடிகிற இடத்து வயலில் பீட்கிழங்கு கிண்டத் தொடங்கிவிட்டார்கள். வரிசை கோணல் என்று வசந்தத்தில் நீங்கள் முறைத்தீர்களே, அதே வயல்தான். உங்கள் மகன் டேவிட் ஞாயிற்றுக்கிழமை அதன் ஓரத்தில் ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தார். என்ன பார்த்தீர்கள் என்றேன். “கோணல்தான்,” என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா உங்களுக்குக் கல்வெட்டு அடிக்கிறார்.

யாழ்ப்பாணத்து ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு மாமா. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள், அவருடைய படமும் குடும்ப வரலாறும் போட்ட சிறிய புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்போம். பெயர்தான் கல்வெட்டு, எல்லாம் வழுவழுப்பான தாள். அதில் இடம்பிடித்த எவரும் சாதாரண மனிதராக இருந்ததாக நான் வாசித்ததில்லை. சின்னச் சண்டைக்காரர்கூட அதில் நீதிமான் ஆகிவிடுவார். “அவர் வேதக்காரர் அப்பா, சேர்ச்சுக்குப் போறவர், அவருக்கேன் முப்பத்தொண்டு?” என்று கேட்டுப் பார்த்தேன். “என்ரை சம்பந்திக்கு நான் செய்யாமல் வேறை ஆர் பிள்ளை செய்யிறது?” என்றார்.

போன திங்கட்கிழமை முதல் பக்கத்தை எனக்கு அனுப்பினார். “இங்கிலாந்து நோர்போக்கைப் பிறப்பிடமாகவும், ஜேர்மனி டுசல்டோர்ஃபை வதிவிடமாகவும் கொண்டவரும், நானூறு ஏக்கர் காணியை ஆண்ட பெருங்கமக்காரருமான…” என்று தொடங்கியது. பிறப்பிடமும் வதிவிடமும் சரி. மிச்சம் நான் கட்டிய பொய். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும், பிழை இருந்தால் அதற்குள் திருத்திச் சொல் என்று கீழே எழுதியிருந்தார்.

என் தொழில் என்னவென்று உங்களுக்குத் தெரியும். அகதி விண்ணப்பம் போடுகிறவர்களுக்கும் ஜேர்மன் அதிகாரிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறவள். ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று சத்தியம் செய்து கொடுத்தவள். முன்பின் தெரியாதவர்களுக்கு அந்தச் சத்தியத்தை ஒருநாளும் மீறியதில்லை. மீறியதெல்லாம் என் வீட்டு மேசையில்தான்.

டேவிட்டைக் கட்டப்போகிறேன் என்று சொன்னபோது அப்பா இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. பேசத் தொடங்கிய அன்று கேட்ட முதல் கேள்வி, “தகப்பன் என்ன செய்யிறவர்?” இதே கேள்வியை உங்களிடம் நான் கேட்டபோது, நீங்கள் கொஞ்சமும் யோசிக்காமல், “பண்ணைக் கூலியாள். என் அப்பாவும் அதுதான், அவருடைய அப்பாவும் அதுதான்,” என்று சொன்னீர்கள். மழை பெய்தது என்று சொல்வது போல.

நான் அப்பாவிடம், “கமக்காரர்,” என்றேன்.

பண்ணைக்குக் கமம், அதில் வேலை செய்கிறவர் கமக்காரர். அகராதியை வைத்து வாதாடலாம், நானும் என்னோடு நானே எத்தனையோ முறை வாதாடி வென்றிருக்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் கமக்காரர் என்றால் சொந்தக் காணி உள்ளவர். தொழில் மட்டுமில்லை, சாதியும் அதற்குள் இருக்கிறது. வெள்ளைக்காரனுக்கு ஏது சாதி என்று நீங்கள் சிரிப்பீர்கள். அப்பாவின் முகம் திறந்ததை நீங்கள் பார்க்கவில்லை. “அப்ப எங்கடை ஆக்கள் மாதிரித்தான்,” என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொல்லை எப்படித் திருப்பி வாங்குவது? நான் வாங்கவில்லை.

மாமி இறந்தபின் நீங்கள் எங்களோடு வந்து இருந்தீர்கள். அப்பாவும் ஞாயிறு தவறாமல் சாப்பிட வந்தார். இரண்டு கிழவர்களுக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை, நடுவில் நான் இருந்தேன். “எத்தினை ஏக்கர் எண்டு கேள் பிள்ளை,” என்றார் அப்பா. நானூறு ஏக்கர் உழுதேன் என்றீர்கள். ‘உழுதேன்’ என்பதை விழுங்கிவிட்டு நானூறை மட்டும் கொடுத்தேன். அப்பா கடதாசி எடுத்து, எங்கள் ஊர்க் காணி அளவுக்கு மாற்றப் பதினாறால் பெருக்கி, ஆறாயிரத்து நானூறு பரப்பு என்று கண்டுபிடித்துவிட்டுத் தலையில் கைவைத்தார். ஊரில் அவருக்கு இருந்தது இருபத்திநாலு பரப்பு. அதுவும் ஆமிக்காரன் பிடித்த காணி. இங்கே வந்து இருபது வருஷம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். அதை அவர் எந்தக் கல்வெட்டிலும் எழுதமாட்டார்.

கோயில் திருவிழாவில் உங்களை முன்வரிசையில் இருத்தி, பொன்னாடை போர்த்தினார்கள் ஞாபகமா? எனக்கு ஏன் இது என்று கேட்டீர்கள். வயதுக்கு மரியாதை என்றேன். உங்களை விட வயதான நாலு பேர் பின்வரிசையில் இருந்தார்கள்.

கல்வெட்டுக்காகத்தான் முந்தாநாள் டேவிட்டிடம் உங்கள் வரலாற்றைக் கேட்டேன். இத்தனை காலத்தில் முதல் தடவை. மற்றவர்கள் பேசியதைச் சொல்லப் பழகினவள் நான், நானாகக் கேள்வி கேட்கப் பழகவில்லை. அவர் தேத்தண்ணி ஆறும்வரை சொன்னார்.

உங்கள் பாட்டனார் குதிரை பூட்டி உழுதவர். அறுவடை முடிய ஒவ்வொரு வருஷமும் புதிய முதலாளி. வேலையோடு வீடு, வேலை போனால் வீடும் போய்விடும். நாலு மைல் வட்டத்துக்குள் ஏழு வீடு மாறினார்கள். உங்கள் அப்பாவின் முதுகை ஒரு வண்டில் நசித்தபோது, இரண்டு கிழமையில் வெளியேறச் சொன்னார்களாம். தளபாடங்களை அடுத்த பண்ணை வண்டிலில் ஏற்றும்போது, பக்கத்து வீட்டார் பார்க்கக்கூடாதென்று உங்கள் அம்மா திரைச்சீலைகளைக் கடைசியாகத்தான் கழற்றினாராம். நீங்கள் பதினாலு வயதில் கல் பொறுக்கத் தொடங்கி, உறைபனியில் பீட்கிழங்கு பிடுங்கி, பிறகு உழவு இயந்திரம் ஓட்டி, அதே மண்ணில் ஐம்பது வருஷம். கடைசியில் ஓய்வு பெற்ற அன்று உங்கள் வீடும் போனது. உங்கள் ஊர்த் தேவாலயக் காணியில் உங்கள் ஆட்கள் மூன்று தலைமுறை கிடக்கிறார்களாம், ஒருவருக்கும் கல் இல்லை.

வீடு போவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாதா மாமா? ஒன்பது வயதில் சைக்கிளின் பின் கரியரில் குந்திக்கொண்டு ஊரை விட்டு ஓடி வந்தவள் நான். இதைச் சொல்லியிருந்தால் நீங்களும் அப்பாவும் எவ்வளவு பேசியிருப்பீர்கள்?

இப்போது அந்த ஆனி மாத ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்ததே அதற்குப் பயந்துதான்.

பின்வளவில் மூவரும் இருந்தோம். அப்பா பழைய பெருமையில் இருந்தார். “எங்கடை தோட்டத்துக்கு வேலைக்கு வாற ஆக்கள் விறாந்தைக்கு ஏறமாட்டினம். கோடிப்பக்கம் நிண்டு சிரட்டையிலை தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவினம். மரியாதை தெரிஞ்ச ஆக்கள். அவரின்ரை ஊரிலை எப்பிடி எண்டு கேள்.”

கோடி என்றால் வீட்டின் பின்புறம். அன்றைக்குப் பார்த்து நான் ஒரு சொல் குறைக்காமல் உங்களுக்குச் சொன்னேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது. நீங்கள் முழங்காலைத் தடவினீர்கள். பிறகு அப்பாவைப் பார்த்தே பேசினீர்கள். “பின்கதவில் நின்ற ஆள் நான்தான் என்று அவருக்குச் சொல்லு. முதலாளி வீட்டில் எங்களுக்கென்று தகரக் குவளை வைத்திருந்தார்கள். ஊத்தை ஆட்கள் என்று சொல்லிவிடுவார்கள், கழுவிக் கொடுத்துவிட்டு வா என்று அம்மா சொல்லி அனுப்புவாள். சொல்லு, அவருக்குத் தெரியட்டும்.”

அப்பா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், “அங்கையும் அப்பிடித்தானாம், அப்பா.”

அவ்வளவுதான் சொன்னேன்.

அப்பா சிரித்து, எட்டி உங்கள் தோளில் தட்டி, “நாங்கள் ஒரே ஆக்கள் எண்டு சொல்லு,” என்றார். அதையும் சொன்னேன். அதைமட்டும் முழுசாகச் சொன்னேன். உங்கள் கண் கலங்கியது. தோளில் இருந்த அப்பாவின் கையை நீங்கள் விடவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு ஒரு மனிதர் உங்களிடம் அப்படிச் சொன்னார் என்று நினைத்தீர்கள். அன்றிலிருந்து அப்பா வருகிறார் என்றால் சவரம் செய்துகொண்டு இருந்தீர்கள். கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியிலும் அதையே என்னிடம் சொன்னீர்கள், உன் அப்பா நல்ல மனிதர், நான் யாரென்று தெரிந்தும் ஒரு நாளும் குறைத்து நடத்தவில்லை என்று. நான் தலையணையைச் சரிசெய்தேன்.

உங்களுக்கு உங்கள் தொழிலில் வெட்கம் இருந்ததில்லை. வெட்கம் எனக்கு. உங்களை நினைத்து முதலில் வெட்கப்பட்டேன், பிறகு அப்படி வெட்கப்பட்டதை நினைத்து வெட்கப்பட்டேன். எது கூடக் கேவலம் என்று பிரிக்கத் தெரியவில்லை.

புதன்கிழமை அப்பா வீட்டுக்குப் போனேன். அவர் அச்சுப்பிரதியில் மெய்யெழுத்தின் மேல் குற்றுப் போடாத இடங்களைத் தேடிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், கமக்காரரில் தொடங்கித் தகரக் குவளை வரைக்கும்.

கண்ணாடியைக் கழற்றினார். “பதினெட்டு வருஷமா என்னைப் பேக்காட்டினனீயோ?” என்றார்.

“ஓம் அப்பா.”

“நான் சிரட்டைக் கதை சொல்லேக்கை… அந்த மனிசன் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தவரோ?”

“ஓம்.”

“ஒரே ஆக்கள் எண்டு நான் சொன்னதை என்னெண்டு எடுத்தவர்?”

“நீங்கள் தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனீங்கள் எண்டு.”

வெளியே போ என்றார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. போனேன். வியாழன் முழுக்கப் போன் எடுக்கவில்லை. கல்வெட்டையே நிறுத்திவிடுவார், இல்லாவிட்டால் அந்தப் பொய்யோடே அடித்துவிடுவார் என்று நினைத்தேன். ஊருக்கு முன்னால் இப்போது எப்படி மாற்றுவார்? முன்வரிசையில் இருத்தியவர் அவர்தானே?

இன்று வெள்ளி. விடியத் தானே பஸ் பிடித்து வந்தார். உங்கள் கதிரையில் இருக்காமல், குசினி வாசலில் நின்றபடி முதல் பக்கத்தை நீட்டினார். ‘காணியை ஆண்ட பெருங்கமக்காரர்’ வெட்டப்பட்டிருந்தது. மேலே அவருடைய கையெழுத்தில், “நானூறு ஏக்கரைப் பிறத்தியாருக்காக உழுத கூலித்தொழிலாளி, கூலித்தொழிலாளியின் மகன், கூலித்தொழிலாளியின் பேரன்” என்று எழுதியிருந்தது. பக்கத்தின் கீழே தன் பெயருக்கு முன்னால் எப்போதும் போடுகிற ‘கமக்காரர்’ என்பதையும் வெட்டியிருந்தார். அந்த இடத்தில், “இருபது வருடங்கள் கோப்பை கழுவிய சம்பந்தி.”

நான் அழத் தொடங்க, “அழாதை. உன்னை நான் மன்னிக்கேல்லை,” என்றார். பிறகு, “தெரிஞ்சிருந்தால் நான் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டன் பிள்ளை. தோளிலை கைவைச்சிருக்கவும் மாட்டன். அது உண்மை. அவருக்கு அதையும் சொல்லு,” என்றார்.

சொல்லிவிட்டேன் மாமா. உங்களுக்கு நோகும் என்று தெரியும். நீங்கள் நம்பிக்கொண்டு போனதை உடைக்கிறேன் என்றும் தெரியும்.

பஸ்ஸுக்குப் போகும்போது வாசலில் திரும்பி, உங்களைப் புதைத்த இடத்துக்கு எந்த ட்ராம் போகும் என்று கேட்டார். கூட வரட்டா என்றேன். “வேண்டாம். நடுவிலை ஆள் வேண்டாம்,” என்றார்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில், அப்பாவின் ஆட்கள் எல்லாருக்கும் முன்னால், டேவிட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் பாட்டனாரின் ஏழு வீடுகளையும் உங்கள் அம்மாவின் திரைச்சீலையையும் உங்கள் தகரக் குவளையையும் நான் வாசிப்பேன். அப்பாவுக்கு என்ன சொன்னேன் என்பதையும் வாசிப்பேன். யாராவது எழுந்து போனால் போகட்டும், குரலைத் தாழ்த்தமாட்டேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்களைக் குறைத்துச் சொன்ன,
உங்கள் மருமகள்
வாசுகி