மூன்று தட்டுப் பக்கி

பிப்ரவரி 3, செவ்வாய்
காட்டில் வைத்த ஒலிப்பதிவுப் பெட்டிகளில் இன்று ஒன்பதை மறுபடி கேட்டுச் சரிபார்த்தேன். புதிய சாலைக்கான அறிக்கைக்குப் போன மாதமே கணக்குக் கொடுத்தாயிற்று. மூங்கில் சரிவிலிருந்து வந்த நான்கிலும் குறும்பக்கி என்ற இரவுப் பறவையின் குரல் இருக்கிறது. சந்தேகமே இல்லை. காட்டுப் பக்கி, ஆணி அடிப்பதுபோல ஒரே சீராகத் தட்டிக்கொண்டே போகும். குறும்பக்கி மூன்று தட்டு, ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி மூன்று. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே சருகு நிறம். இருட்டில் வாயைத் திறந்தால்தான் எது எதுவென்று தெரியும்.

பிப்ரவரி 4, புதன்

எங்கள் ஆய்வறிக்கை, என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அச்சகத்துக்குத்தான் போயிருக்கிறது. அவர்தான் பிழை திருத்துகிறார். "உன் பேரு வந்திருக்கு, பாரு" என்று சந்தோஷமாகத் தாளை நீட்டினார். நான் இரண்டு பக்கிக்கும் தனித்தனிப் பத்தியாகக் கொடுத்த கணக்கு ஒரே பத்தியாக இருந்தது. எல்லாமே காட்டுப் பக்கி. கீழே, அடையாளம் உறுதிசெய்தவர் — நான்.
நானா?
குறும்பக்கி இருக்கும் இடத்தில் மரம் வெட்ட அனுமதி கிடையாது. புதிய சாலை மூங்கில் சரிவு வழியாகப் போகிறது. அவ்வளவுதான் விஷயம். பறவையை விரட்டக்கூட வேண்டாம், தாளில் அழித்தால் போதும்.

பிப்ரவரி 6, வெள்ளி
கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மேலாளரை, குறும்பக்கி எங்கே போயிற்று என்று கேட்டேன். களைத்துப்போன காட்டுப் பக்கி விட்டு விட்டுத் தட்டுமாம். களைப்பாம்! பிறகு, குரலை உயர்த்தாமல், "வயசாகுதில்ல. ஒரு தடவ காத டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்" என்றார். யாரோ சிரித்தார்கள்.
பதினொரு வருஷமா இந்த ஆபீஸுக்கு உழைச்ச காது இது.

பிப்ரவரி 7, சனி
"பக்கிக்காகப் பக்கி மாதிரி அலையாத, விட்டுடு" என்கிறார் வீட்டுக்காரர். அவரோடும் பேசவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்
செவிப் பரிசோதனைக்குப் போனேன். இடது காதில் உச்ச ஸ்தாயி ஒலிகள் விழவில்லை. அந்தச் சின்ன அறையிலேயே அழுதுவிட்டேன். அவர் சொன்னதுதான் சரியா? இத்தனை வருஷமும் தப்பா எழுதினேனா?
அப்புறம்தான் தோன்றியது. பக்கியின் குரலைப் போனில் போட்டுக் காட்டினேன். பரிசோதித்த பெண் வரைபடத்தில் விரல் வைத்தாள். "இது கீழ்ஸ்தாயி சத்தம்மா. இந்த இடத்துல உங்க ரெண்டு காதும் நல்லாருக்கு."
சாலைக்கு அனுமதி தரும் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். என்னைச் சோதித்துப் பார்க்கட்டும். பரிசோதனைச் சீட்டையும் இணைத்தேன், இடது காதின் குறையை மறைக்காமல். வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு, "அனுப்பு" என்றார்.

பிப்ரவரி 24, செவ்வாய்
குழுவிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். பறவையைப் பிடித்து இனம் உறுதிசெய்து பதிந்த ஒலிகள், இருபது துண்டு என்றார். ஒவ்வொன்றும் எந்தப் பக்கி என்று நான் சொல்ல வேண்டும். மேலாளரும் இருந்தார். பத்தொன்பது சரி. பதினோராவதில் மழை இரைச்சல். தெரியவில்லை என்றேன். மேலாளர் உடனே நிமிர்ந்து, பார்த்தீர்களா என்றார்.
"அது மட்டும் உறுதி செய்யாதது, எனக்கும் தெரியாது சார். வேணும்னேதான் வச்சேன்" என்றார் பேராசிரியை. "தெரியாதத தெரியலன்னு சொல்றவங்க கணக்க ஏன் அழிச்சீங்க?"
வெளியே வந்தும் கொதிப்பு அடங்கவில்லை. உண்மை எழுதியவள் பரீட்சை எழுத வேண்டும். அழித்தவருக்கு எந்தப் பரீட்சையும் இல்லை.

மார்ச் 20, வெள்ளி
சாலை ஆற்றோரமாகத் திரும்புகிறது. சரிவில் மரம் வெட்டமாட்டார்கள்.
மதியம் மேலாளர் என் அறைக்கு வந்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மன்னிப்பெல்லாம் இல்லை. குறும்பக்கியை ஒரு தடவை போடச் சொன்னார். ஹெட்போனைக் கொடுத்தேன். கேட்கக் கேட்க அவர் விரல் மேசை விளிம்பில் மூன்று முறை தட்டியது. நின்றது. மறுபடி மூன்று. கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனார்.
கேட்கிறது அவருக்கு. அன்றைக்கும் கேட்டிருக்கும்.