யுரிதியாவுக்கு நான் வரைந்த இறக்கை

அக்டோபர் 9, திங்கள்
இன்று ஒரு மாதா, ஒரு கல்யாண ஜோடி, ஒரு நாய். மூன்று போட்டோவையும் கோட்டுப் படமாக்கி லேசர் வெட்டுக்கு அனுப்பினேன். நாய்தான் படுத்திவிட்டது. கறுப்பு நாய், கறுப்பு சோபா. கணினியைத் தானாக வரையவிட்டால் எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி புள்ளிகள். அழித்துவிட்டுக் கையால் வரைந்தேன்.

அக்டோபர் 12
முதலாளி டோன் எலியூத் ஒரு போட்டோ அனுப்பினார். யுரிதியா! மூன்று தெரு தள்ளி இருந்தவள். மார்ச்சில் வேலைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. மேயர் தேர்தலில் நிற்கப்போகும் லிசாண்ட்ரோ, நவம்பர் 2, இறந்தோர் நாளன்று, ஊருக்கு மரத்தில் வெட்டிய சாவி வளையம் கொடுக்கிறானாம். ஒரு பக்கம் இவள் முகம், மறுபக்கம் அவன் பெயர்.

"தேவதை மாதிரி ரெண்டு இறக்கையும் போட்டுடும்மா. பாக்குறவங்க மனசு உருகணும்."

"அவ செத்துட்டான்னு யார் சொன்னது?"

"ஏழு மாசமாச்சு. நீ என்ன போலீஸா? வரை."

அக்டோபர் 13
வரைந்தேன்.

அக்டோபர் 14
சீ. லிசாண்ட்ரோ கடைக்கே வந்துவிட்டான். பன்றித்தோல் வறுவல் தின்ற விரலை என் திரையில் வைத்து, அவள் புருவத்துத் தழும்பை எடுக்கச் சொன்னான். "செத்த பொண்ணு கொஞ்சம் லட்சணமாத்தான் இருக்கட்டுமே!" சிரிப்பு வேறு.

எடுத்தேன். இரண்டு புள்ளியை அழித்தால் போதும், அவ்வளவுதான் தழும்பு. இறக்கை நன்றாகவே வந்திருக்கிறது, ஒவ்வொரு இறகும். அதுதான் கொடுமை.

அக்டோபர் 17
கடைக் கண்ணாடிக்குள் வைத்திருந்த சாவி வளைய மாதிரியைப் பார்த்துவிட்டு ஒப்துலியா உள்ளே வந்தாள் — யுரிதியாவின் அம்மா. சந்தையில் தமால் கொழுக்கட்டை விற்கிறவள், கையெல்லாம் சோளமாவு.

"இதை யார் போட்டது?"

டோன் எலியூத் என்னைப் பார்த்தார். பாவி.

"நான்தாம்மா."

"என் பொண்ணுக்கு எதுக்குடி இறக்கை? செத்துட்டான்னு ஆக்கிட்டா அப்புறம் எவன் தேடுவான்? தழும்பு எங்க? அது இல்லாம அவளை யாருக்கு அடையாளம் தெரியும்?"

 

அக்டோபர் 18
கணினியில் இருந்த யுரிதியா படத்தை அழித்தேன். பிரதியையும். டோன் எலியூத் கத்தினார்: "நன்றி கெட்டவளே, வெளிய போ!" போனேன். வேறு ஆளை வைத்து இறக்கையோடு வெட்டித்தான் கொடுப்பார். தெரியும்.

அக்டோபர் 22
ஒப்துலியா வீடு. கதவு திறக்க வெகுநேரம் ஆனது. புதிதாக வரைந்ததைக் காட்டினேன். இறக்கை இல்லை. சுவரில் வைத்துப் பெயிண்ட் அடிக்கும் வெட்டு அட்டைக்கான (ஸ்டென்சில்) படம். கண்ணைச் சுற்றிச் சின்ன இணைப்பு விட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் வெட்டும்போது கருவிழி கழன்று விழுந்துவிடும்.

கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "தழும்பு இன்னும் கொஞ்சம் மேல."

நவம்பர் 2
கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சாவி வளையத்தை வரிசையில் நின்று வாங்கினார்களாம். த்தூ. நானும் ஒப்துலியாவும் பேருந்து நிலையச் சுவரில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தோம். பதினோரு யுரிதியா. கீழே தொலைபேசி எண். என் நகமெல்லாம் கறுப்பு.

ஜனவரி 28
யுரிதியா இன்னும் வரவில்லை. இன்று என் சமையலறை மேஜையில் ஒன்பதாவது முகம், காணாமல்போன ஒரு பேருந்து ஓட்டுநர். இருப்பது ஒரே போட்டோ, அதிலும் தொப்பி காதை மறைக்கிறது.

"காது எப்படிம்மா இருக்கும்? ஒட்டினாப்லயா, விரிஞ்சாப்லயா?"

 அவனுடைய அம்மா சால்வையை விலக்கித் தன் காதைக் காட்டினாள்.