ஒன்பது நாளில் இரண்டு பௌர்ணமி

மார்ச் 4, செவ்வாய்

மூக்குக்கண்ணாடியின் இடது காதுக்கம்பி மறுபடியும் தளர்ந்துவிட்டது. கடைக்காரர் இம்முறைதான் திருகாணியை மாற்றினார். டிசம்பர் 12 அன்றும் ஜனவரி 30 அன்றும் வெறுமனே முறுக்கிக் கொடுத்ததை அவருக்கு நினைவூட்டினேன். “சார், உங்களுக்கு தேதி ஞாபகம் இருக்கு. என்கிட்ட திருகாணிதான் இல்லாம இருந்துச்சு” என்றார்.

செவ்வாய்க்கிழமை ஆதலால் அங்கிருந்து நேரே தம்பி வீடு. சக்கர நாற்காலியை ஜன்னலோரம் தள்ளியிருந்தார்கள். மடிமேல் தலையணை, தலையணைமேல் ஒரு விளையாட்டுக் கருவி. அவனுடைய தசைகள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருக்கின்றன. கால்கள் போன ஆகஸ்டில் போயின. இப்போது சொன்னபடி கேட்பவை இரண்டு கட்டைவிரல்கள் மட்டுமே. தொலைக்காட்சித் திரையில் ஒருவன் கையில் விளக்கோடு ஈரக் கற்களின்மேல் நடந்துகொண்டிருந்தான்.

“யாருன்னு தெரியுதா?” என்றான் தம்பி.

தெரியாமல் போகுமா? ‘ஈரக்கல் தேசம்’ நாவலின் தூதன். இளமையில் நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய ஒற்றைப் பிரதி. இவன் பொறுமையிழந்து சவரக்கத்தியால் அதை நடுவில் அறுத்து, முன்பாதியை என்னிடம் தந்துவிட்டுப் பின்பாதியோடு ஓடினான். தூதன் கடலை அடைந்து விளக்கை நீரில் விடும் கடைசிக் காட்சியை, அவன் யார், ஏன் புறப்பட்டான் என்று அறியாமலே படித்த ஒரே வாசகன் இவனாகத்தான் இருப்பான்.

தம்பி மகள் விளக்கினாள். எந்தக் கம்பெனியோ விற்ற ஒரு விளையாட்டைப் பிரித்து, அதன் எலும்பின்மேல் நாவலின் ரசிகர்கள் சம்பளமில்லாமல் இந்த உலகத்தைப் போர்த்துகிறார்களாம். அதற்கு ‘மோட்’ என்று பெயர்.

“கடல் மட்டும்தான் பாக்கி, பெரியப்பா. அதைச் செய்யறவங்க நத்தைன்னு பேர் வெச்சிருக்காங்க. பேருக்கேத்த வேகம்.”

“வரட்டும். இந்த விரல் இருக்கறப்பவே வந்துட்டா சரி” என்றான் தம்பி, பேருந்தைப் பற்றிச் சொல்வதுபோல.

திரையில் மழை தெரியவில்லை. ஆனாலும் எல்லாக் கற்களும் நனைந்திருந்தன. நாவலிலும் அப்படித்தான். வீடு திரும்பிய பின்னும் என் செருப்படியில் ஈரம் இருப்பதுபோல் ஒரு பிரமை.

மார்ச் 6, வியாழன்

தம்பி மகள் என் கணினியிலும் அதை ஏற்றிக் கொடுத்தாள். நாவலின் மூங்கில் பாலத்திற்குக் கைப்பிடி ஒரு பக்கம்தான். இங்கே இரு பக்கமும் இருக்கிறது. குழுவினரின் பக்கத்தில் ‘ஓதம்’ என்ற பெயரில் பதிவுசெய்துகொண்டு, பணிவாகச் சுட்டிக்காட்டினேன். மாலைக்குள் திருத்திவிட்டார்கள். நல்ல பிள்ளைகள்.

மார்ச் 11, செவ்வாய்

மேலும் சில திருத்தங்கள் அனுப்பினேன். தம்பி சொன்னான்: “அண்ணே, அந்த ஊருக்கு எல்லாரும் நடக்கப் போறாங்க. நீ மட்டும் ஆய்வுக்குப் போற.”

மார்ச் 14, வெள்ளி. பௌர்ணமி

நத்தை தம் கடலைச் சிறு படமாக வெளியிட்டிருக்கிறார். வட்ட நிலா. வெள்ளித் தகடாய் நீர். கரையில் தூதனின் நிழல் நீண்டு கிடக்கிறது.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தூதன் உப்பு நகரத்தை விட்டுப் புறப்படுவது பௌர்ணமியன்று. ஒன்பதாம் நாள் கடலை அடைகிறான். அன்றும் பௌர்ணமி எப்படி வரும்? நாவலாசிரியர் கவனக்குறைவால் அப்படி எழுதிவிட்டார் என்றால் நாமுமா? அந்த நாளில் நிலா தேய்ந்து பாதியாகி, நள்ளிரவுக்குப் பின்னரே எழும். மேலும், நத்தையின் நீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. துறைமுக அலுவலகத்தில் வேலைக்காலம் முழுவதும் ஓத அட்டவணை தயாரித்தவன் நான். கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதைத் தவிர வேறெதையும் நான் உறுதியாக அறிந்ததில்லை.

அட்டவணையோடு விரிவாக எழுதினேன். கடைசி வரி: ‘இது கடல் அன்று, குளம்.’

நன்றாக அமைந்த வரி.

மார்ச் 17, திங்கள்

நத்தையின் பதில் எல்லாரும் படிக்கும் இடத்தில் வந்திருந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்:

“பகல் முழுக்க நான் பல் செட் செய்யறேன். ஒருத்தர் வாய்க்கு ஒரு மயிரிழை தப்பினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. யாரும் திருப்பி அனுப்பாத ஒண்ணைச் செய்யலாம்னுதான் இங்க வந்தேன். என் கடலை நானே எடுத்துக்கறேன்.”

எடுத்துக்கொண்டும்விட்டார். குழுவில் கடல் செய்யத் தெரிந்தவர் வேறு எவரும் இல்லை.

நான் எழுதியதில் பிழை என்ன? திரும்பப் படித்தேன். பிழையே இல்லை. அதுதான் —

மார்ச் 18, செவ்வாய்

தம்பி தூதனை உலகத்தின் விளிம்புவரை நடத்திச் சென்றான். மணல் தொடங்கும் இடத்தில் எல்லாம் வெண்மையாகிவிடுகிறது. பனிமூட்டமல்ல, இன்னும் எதுவும் வைக்கப்படாத வெண்மை. தூதன் அதில் முட்டி, நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தான்.

“ஓதம்னு ஒரு ஆள் எழுதினாராம். அந்தம்மா கோச்சுக்கிட்டுப் போயிட்டாங்களாம்” என்றான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“ஓதம்னு பேர் வெச்சுக்கற ஆள் உலகத்துலயே ஒருத்தர்தான் இருக்க முடியும், அண்ணே.”

“சரியாகத்தானேடா எழுதினேன்?”

“சரியாத்தான் எழுதின. கடல்தான் இல்ல.”

தூதனை வந்த வழியே திருப்பினான். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மார்ச் 27, வியாழன்

பிசியோதெரபி செய்ய வருபவரை வாசலில் நிறுத்திக் கேட்டேன். “வலது கட்டைவிரல் பிடி விட்டுக்கிட்டே வருது சார். இடதுக்கு நாள் சொல்லச் சொல்லாதீங்க. உங்க தம்பியும் கேட்டாரு, அவருக்கும் சொல்லல.”

தேதி இல்லாத ஒன்றை என்னால் எங்கே எழுதி வைக்க முடியும்?

ஏப்ரல் 2, புதன்

நத்தைக்கு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் வரைவைத் தம்பி மகளிடம் காட்டினேன். படித்துவிட்டு நடுப்பத்தியில் விரலை வைத்தாள்.

“பெரியப்பா, தப்பா நினைக்காதீங்க. மன்னிப்புல எதுக்கு அட்டவணை?”

ஏப்ரல் 5, சனி

இன்று நானே உள்ளே நடந்தேன். இதுவரை திருத்தத்திற்காக எட்டிப் பார்த்ததோடு சரி. விசைகளை அழுத்துவதில் இன்னும் தடுமாற்றம். தூதனை இரண்டு முறை கிணற்றில் தள்ளினேன். ஒரு மாட்டின் முன் நின்று, வழி விடும் வரை காத்திருந்தேன். அது விடவில்லை. பிறகுதான் சுற்றிக்கொண்டு போகலாம் என்று புத்தியில் உறைத்தது.

உப்பு நகரத்தைத் தாண்டியபின் பாதையில் யாரும் இல்லை. உப்புக் குவியல்கள், அவற்றின்மேல் உறங்கும் வெள்ளைப் பறவைகள். விளக்கின் வெளிச்சம் ஈரக்கல்லில் விழுந்து, எனக்கு முன்னே இன்னொருவன் தலைகீழாக நடந்துகொண்டிருந்தான். எவ்வளவு தூரம் போனேன்? தெரியவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி, வற்றி, தீய்ந்து, பக்கத்து வீட்டார் கதவைத் தட்டும்வரை எனக்கு இந்த வீட்டின் நினைவே இல்லை.

விளிம்பை அடைந்தபோது அந்த வெண்மையின் முன் நின்றேன். முட்டாமல், சற்றுத் தள்ளி. அங்கே கடலைத் தவிர வேறெது இருந்தாலும் போதாது என்று தோன்றியது. குளமாக இருந்தாலும்கூட, அந்தக் குளம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நான்கு வரிகளில், கீழே என் தொலைபேசி எண்ணோடு, அனுப்பிவிட்டேன். குளம் என்றது தவறு, அந்தப் பாதையில் நடந்து பார்க்காமலே அதன் முடிவைப் பற்றி எழுதிவிட்டேன், நடந்து பார்த்தேன், உங்கள் கடல் வேண்டும். தம்பியின் விரல்களைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் அது வேண்டுகோள் ஆகாது, கழுத்தில் கத்தி வைப்பதாகும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நத்தை தொலைபேசியில் அழைத்தார். குரலைக் கேட்டால் ஐம்பதைத் தாண்டியவர். பின்னணியில் ஏதோ ஓர் இயந்திரம் பல்லை ராவிக்கொண்டிருந்தது.

“ஐயா, ஒண்ணு கேக்கறேன். ஒன்பது நாள் நடந்தானே, எங்கயாவது படுத்தானா?”

யோசித்தேன். நாவலில் அவன் அமர்கிறான், உண்கிறான், ஒருமுறை அழுகிறான். உறங்கியதாக ஓரிடத்திலும் இல்லை.

“தூங்காதவனுக்கு அது ஒரே ராத்திரிங்க. ஒரு ராத்திரியில நிலா எப்படித் தேயும்?”

வாழ்நாள் முழுவதும் நிலவைக் கணக்கிட்டவன், நிலவைப் பார்ப்பவனைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

“நிலாவை மாத்த மாட்டேன்” என்றார்.

“மாற்ற வேண்டாம்.”

“ஆனா தண்ணி விஷயத்துல நீங்க சொன்னது நிஜம். அது சும்மா கிடக்குது. எனக்கும் உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. சொன்ன விதம்தான் பல்லு கூசுற மாதிரி இருந்துச்சு.” சிரித்தார். “கடல் ஏறி முடிஞ்சு இறங்க ஆரம்பிக்கறதுக்கு நடுவுல எப்படிங்க இருக்கும்? அட்டவணை வேணாம். பார்த்ததைச் சொல்லுங்க.”

சொன்னேன். ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் நீர் சற்று நேரம் நிற்கும். அதுவரை ஒரே திசையில் இழுபட்டுக்கொண்டிருந்த படகுகளின் கயிறுகள் தொய்ந்துவிடும். படகுகள் எந்தப் பக்கம் முகம் திருப்புவதென்று தெரியாமல் தயங்கும். அந்நேரம் அலுவலக ஜன்னலில் நிற்பேன். பார்த்துக் குறிக்க வேண்டிய அவசியம் இல்லை, நேரம் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். சும்மா நிற்பேன்.

மறுமுனையில் இயந்திரம் நின்றிருந்தது. “யாருக்காக இவ்வளவு தவிக்கறீங்க?” என்று கேட்டார். கேட்டதால் தம்பியைப் பற்றிச் சொன்னேன்.

“ஐயா, நான் நத்தைதான். ஆனா நிக்க மாட்டேன்.”

மே 6, செவ்வாய்

இடது கட்டைவிரலும் இன்று அசையவில்லை. தம்பி மகள் கருவியைத் தலையணையிலிருந்து எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தாள். தம்பி செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். செய்தியைப் பார்ப்பவன் முகம் அல்ல அது.

மே 30, வெள்ளி

நத்தையிடமிருந்து: “கயிறு தொய்யறது சரியா வரல. இன்னும் கொஞ்சம்.”

ஜூன் 17, செவ்வாய்

கடல் வந்துவிட்டது. விரல்கள் இல்லை.

தம்பி மகள் திரையில் ஏற்றி வைத்துவிட்டுக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “நான் நடத்தட்டுமாப்பா?”

“நீ ஓடுவ. எனக்கு நடக்கணும்.” என்னைக் கண்ணால் காட்டினான். “அவர்கிட்ட குடு.”

“எனக்கு வராதுடா. கிணற்றில் தள்ளிவிடுவேன்.”

“தள்ளு. ஈரக்கல் தேசம்தானே, நனைஞ்சா என்ன?”

உப்பு நகரத்தின் வாசலிலிருந்து தொடங்கினோம். நிலா முழுதாக இருந்தது. நான்காம் உப்புக் குவியலோடு இன்று நின்றது. நாளையும் வருவேன் என்றேன். “நாளைக்கு புதன்கிழமையாச்சே” என்றான். இருக்கட்டுமே.

பௌர்ணமி. இரண்டாவது

தினமும் போனேன். அவன் சொல்ல, நான் நடந்தேன். “இடது. அண்ணே, இடதுன்னா இடது. செவுத்துக்குள்ள எங்க போற?” “மாட்டுக்கு மரியாதை குடுத்தது போதும், சுத்திக்கிட்டு வா.” “மெதுவா. அந்தப் பறவை எழுந்துக்கப் போகுது.” ஒரு கட்டத்துக்குப் பின் அவன் சொல்வதற்கு முன்பே என் விரல் திரும்பியது; என் விரல் திரும்புவதற்கு முன்பே அவன் சொன்னானோ என்னவோ. யார் கால், யார் கண் என்று பிரித்தறிய முடியவில்லை. இடையில் எத்தனை இரவுகள் நான் வீட்டில் படுத்து எழுந்தேன் என்பது இப்போது தெளிவாக இல்லை. தூதன் படுக்கவில்லை.

இன்று மணல் வந்தது. வெண்மை இருந்த இடத்தில் கடல். வட்ட நிலா, நீளக் கிடக்கும் நிழல். நீர் ஏறிக்கொண்டே வந்து தூதனின் பாதத்தைத் தொட்டது. தம்பியின் பாதங்களைப் பார்த்தேன். போர்வைக்குள் அசையாமல்தான் இருந்தன.

“விளக்கை விடலாமா?” என்றேன்.

“இரு. இப்பதான் தண்ணி நிக்குது பார்.”

கரையோரப் படகுகளின் கயிறுகள் தொய்ந்தன. படகுகள் முகம் திருப்பத் தயங்கின. அலை ஒலி அடங்கியது. நான் யாருக்கும் காட்டாமல் ஜன்னலில் நின்று பார்த்த அதே கணம்; இன்று இந்த அறையில், இருவருக்கும் நடுவில்.

“கையை எடுத்துடு அண்ணே. ரெண்டு பேரும் சும்மா இருப்போம்.”

கருவியை அவன் மடித் தலையணையில் வைத்தேன். தூதன் நின்றான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தம்பி மகள் மருந்துச் சீட்டோடு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பெரியப்பா, இன்னிக்கு என்ன தேதி?”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.