அமுங்காத பக்கம்

பிப்ரவரி 3

என் நர்ஸம்மாவுக்கு,

போனில் பேசினால் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது, கடிதம் எழுதினால் சண்டை போடவாவது ஒரு வாரம் ஆகும் என்று இந்த ஏற்பாட்டைச் செய்தவள் நீ. அதனால் எழுதுகிறேன்.

மேனேஜருக்கு உடம்பு சரியில்லை. கடைக் கதவைத் திறந்ததும் முதல் ஆளாக வாசலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் வாலாட்டாமல் முறைப்பாரே, அந்த உத்தியோகத்துக்கு இப்போது வருவதே இல்லை. முன்னங்கால் இரண்டும் எழுகின்றன. பின்பக்கம் கூட வரமாட்டேன் என்கிறது. மிருக டாக்டர் இடுப்பை அழுத்திப் பார்த்தார். "மூட்டு தேஞ்சு போச்சுங்க. மாத்திரை தர்றேன். ஆனா வெறும் தரையில மட்டும் படுக்க விடாதீங்க. உடம்பத் தாங்குற மாதிரி நல்ல படுக்கையா பாருங்க" என்றார்.

யாரிடம் சொல்கிறார் பார்! கல்யாணத்துக்கு முன்னாலிருந்து கார் சீட்டும் வேன் சீட்டும் தைக்கிறவனிடம். கடையில் இருந்ததிலேயே மெத்துமெத்தென்ற ஸ்பாஞ்சை எடுத்து, அடுக்கடுக்காகப் போட்டு, மெரூன் ரெக்சினில் ஓரம் மடித்துத் தைத்தேன். மந்திரி உட்காரலாம். மேனேஜர் ஏறினார், புதைந்தார், எழ முடியாமல் கத்தினார். தூக்கி இறக்கினேன். இப்போது அதைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொண்டு சிமெண்டுத் தரைக்குப் போய்விடுகிறார். என்ன செய்யலாம், சொல்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் சீட்டுக் கடைக்காரன்

*

பிப்ரவரி 11

கடைக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை டூட்டி அறையில் நின்றுகொண்டே படித்தேன். மந்திரி மெத்தைக்குச் சிரித்தேன். பின்னங்கால் பற்றிய வரியைத் திரும்பவும் படித்தேன். நான் கிளம்பி வந்த அன்று வேன் பின்னாலேயே தெருமுனை வரை ஓடிவந்த கால்கள் அவை.

நீங்கள் உட்காருகிறவர்களுக்குத் தைக்கிறவர். படுத்தே கிடப்பவர்களை நான்தான் தினமும் பார்க்கிறேன். என் வார்டில் யாருக்கும் மெத்துமெத்தென்று போடமாட்டோம். புதைகிற மெத்தையிலிருந்து எழ, நல்ல காலுக்கே பலம் வேண்டும். மெல்லிசாக இருந்தாலும் ஆகாது, எலும்பு தரையில் இடித்துப் புண்ணாகிவிடும். நீங்களே மண்டியிட்டுப் பாருங்கள். முழங்கால் தரையில் தட்டக் கூடாது, உள்ளே போய் மாட்டிக்கொள்ளவும் கூடாது. அதுதான் அளவு.

காலைத் தூக்காமல் ஏறுகிற மாதிரி ஓரம் தாழ்வாக இருக்கட்டும். ரெக்சின் வழுக்கும், அதை எடுத்துவிட்டுத் துணி உறை போடுங்கள், கழற்றித் துவைக்கிற மாதிரி. படுக்கையைச் சுற்றிச் சாக்கு விரியுங்கள், எழும்போது பின்னங்கால் சறுக்காது. ஜன்னல் காற்று நேராகப் படவேண்டாம்.

சாப்பிடுகிறேன். நீங்கள்தான் சாப்பிட்டதாக எழுதவில்லை.

உங்கள் நர்ஸ்

*

பிப்ரவரி 20

நர்ஸம்மாவுக்கு,

உன் உத்தரவுப்படி மண்டியிட்டேன். நம் கடை ஸ்பாஞ்ச் எல்லாமே பரீட்சையில் தோற்றுப்போயிற்று. ரோஷத்தை விட்டு, நாய்ச் சாமான் விற்கிற கடைக்கே போனேன். படுத்தவர் உடம்பை ஞாபகம் வைத்துக்கொள்கிற ஸ்பாஞ்ச் என்று ஒன்றை அந்த அம்மா எடுத்துக் காட்டினார். என் முழங்காலையும் அது ஒத்துக்கொண்டது. வாங்கி வந்து விரித்தால், மேனேஜரின் தலை வெளியே தொங்குகிறது, வால் அந்தப் பக்கம் கிடக்கிறது. நான் என்ன செய்திருக்கிறேன் தெரியுமா? வீட்டில் அளவெடுத்தபோது அவரை உட்காரவைத்து அளந்திருக்கிறேன், டிரைவருக்கு அளக்கிற மாதிரி. சீட்டுக்காரன் புத்தி! கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே திருப்பி எடுத்துக்கொண்டார். அதைவிடப் பெரிது அங்கே இல்லையாம்.

இப்போது வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்து, பின்பக்கத்தை நான் தூக்கிப் பிடிக்க, முன்பக்கத்தை அவர் நடத்த, இரண்டு பேரும் கொல்லைக்குப் போய் வருகிறோம். எதிர்வீட்டு டீச்சர் பார்த்துவிட்டு, "ஆளுக்கு ரெண்டு காலா பங்கு போட்டுக்கிட்டீங்களா?" என்றார். சிரித்து வைத்தேன். உள்ளே வந்து கொஞ்ச நேரம் எதுவும் தைக்க ஓடவில்லை. பயமாக இருக்கிறது. இவரும் போய்விட்டால் இந்த வீட்டில் பேச்சுக்கு ஆள் கிடையாது.

உன் சீட்டுக் கடைக்காரன்

*

மார்ச் 2

கடைக்காரருக்கு,

படுக்கையைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இது வேறு விஷயம்.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. "உனக்கு வேணும்னா உனக்குத்தான். ஆனா சீக்கிரம் சொல்லு, பின்னால வரிசை நிக்குது" என்றார் மேட்ரன். ஆறு மாதத்துக்கு என்று வந்த வேலை, மூன்று வருஷமாகிவிட்டது. கடையை விட்டு வரமாட்டேன் என்றீர்கள் நீங்கள், வேலையை விடமாட்டேன் என்றேன் நான். அதற்குப் பிறகு ஒரு கடிதத்தில்கூட நீங்கள் வா என்று எழுதவில்லை. வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் நாயைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இந்த முறை நானே இறங்கி வந்து கேட்கிறேன். வரட்டுமா? லீவுக்கு இல்லை. வீட்டுக்கு.

இதற்கு மட்டும் கிண்டல் இல்லாமல் பதில் எழுதுங்கள்.

உங்கள் நர்ஸ்

*

மார்ச் 3

நர்ஸம்மாவுக்கு,

வெற்றி! மேனேஜர் தூங்குகிறார். குறட்டைச் சத்தம் கடை வரைக்கும் கேட்கிறது.

உனக்கு முதுகுவலி என்று அடம்பிடித்து நம் கட்டிலுக்கு ஒரு கெட்டி மெத்தை வாங்கினாயே, கருங்கல் என்று நான் திட்டுவேனே, அதில் நேற்றுச் சும்மா மண்டியிட்டுப் பார்த்தேன். அச்சு அசல் நீ சொன்ன அளவு. என் பக்கம் நடுவில் குழி விழுந்திருக்கிறது. உன் பக்கம்தான் அமுங்காமல், கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. மூன்று வருஷமாக யாரும் படுக்காத ஸ்பாஞ்ச் அல்லவா! கத்தியை எடுத்து, நடுவில் நேர்க்கோடாக வெட்டி, உன் பாதிக்குத் துணி உறை தைத்துத் தரையில் போட்டுவிட்டேன். இவ்வளவு நல்ல சாமான் சும்மா தூசி தின்றுகொண்டு கிடந்திருக்கிறது.

மேனேஜர் ஒரு சுற்று மோந்து பார்த்தார். காலை நீட்டிப் படுத்தார். காலையில் அவராகவே எழுந்தார், துண்டு இல்லாமல்! உன்னைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் போலிருந்தது. எல்லாம் உன் யோசனை.

உன் சீட்டுக் கடைக்காரன்

*

மார்ச் 9

வா.

மேட்ரனிடம் இன்றைக்கே சொல்லிவிடு. மூன்று வருஷமாக இந்தச் சொல் தொண்டை வரைக்கும் வரும், போகும். கூப்பிட்டு நீ மாட்டேன் என்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்துகொண்டே இருந்துவிட்டேன். மெத்தையை வெட்டியதாக எழுதியிருந்தேன், அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. புதிது வாங்கலாம். வா.

உன் கடைக்காரன்

*

மார்ச் 9

கடைக்காரருக்கு,

மேனேஜர் தானாக எழுந்தார் என்று படித்ததும் அழுதேன். நல்ல காரியம் செய்தீர்கள். வாரத்துக்கு ஒரு முறை மெத்தையைத் தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுங்கள், ஒரே இடம் அமுங்காது.

மெத்தையை வெட்டியதில் எனக்குக் கோபமில்லை. அந்த நாய்க்காக என் சேலையையே கிழித்துக் கொடுப்பேன். தேதியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் கேள்வி கிடைப்பதற்கு முன்னால் நீங்கள் எழுதிய கடிதம் இது. கிடைத்த பிறகு எழுதியிருந்தால் பார்த்துப் பார்த்து எழுதியிருப்பீர்கள். கேட்காமலே எழுதியதுதான் உண்மை. யாரும் படுக்காத ஸ்பாஞ்ச் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்! வெட்டும்போது கை ஒரு நிமிஷம் நின்றிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள். எதையும் விடாமல் எழுதுகிறவர் நீங்கள்.

இன்று காலை அந்த இடத்தை வேறொரு நர்ஸுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. மேட்ரன் கையெழுத்துப் போட்டாயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நர்ஸ்

*

ஆகஸ்ட் 17

என் நர்ஸம்மாவுக்கு,

வா என்று நான் எழுதியதும், வரவில்லை என்று நீ எழுதியதும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மட்டும் நான் என்ன உருப்படியாகப் பேசியிருக்கப் போகிறேன்! அதற்குப் பிறகு எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க முடியாது, உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மேனேஜர் போய்விட்டார். நேற்றுக் காலை, உன் பாதியின் மேல். கஷ்டப்படவில்லை. போன வாரம்கூட கடை வாசலில் உட்கார்ந்து ஒரு லாரி டிரைவரை முறைத்தார். கொல்லையில் வேலியோரம் குழி தோண்டினேன். டீச்சர் வந்து கூட நின்றார்.

கை நின்றிருந்தால் அதையும் எழுதியிருப்பேன் என்று எழுதியிருந்தாய். நிற்கவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. ஸ்பாஞ்சைப் பார்த்தால் எனக்கு ஸ்பாஞ்ச் மட்டும்தான் தெரிகிறது. அது யார் படுத்த இடம் என்பது உன் கடிதம் வந்த பிறகுதான் உறைத்தது.

உறையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, உன் பாதியைக் கட்டிலில் பழைய இடத்தில் போட்டேன். ஒட்டலாம் என்று பசையைக்கூட எடுத்தேன். பசை காய்ந்தால் நடுவில் கெட்டியாக ஒரு வரப்பு நிற்கும், படுக்கிறவர் முதுகுக்குத் தெரியும். ஒட்டாமல் விட்டுவிட்டேன்.

உன் பக்கம் இப்போது புதிது மாதிரி இல்லை. நீ சொன்னபடி மாற்றி மாற்றித்தான் போட்டேன். ஆனாலும் மேனேஜர் எப்போதும் என் கடையைப் பார்த்து, நட்டநடுவில்தான் படுப்பார். அவர் இடுப்பு வைத்த இடத்தில் ஒரு குழி இருக்கிறது. நேற்று ராத்திரி நான் அங்கேதான் படுத்தேன். எனக்கு அது சின்னதுதான், காலை மடக்கிக்கொண்டால் போதும்.

உன் சீட்டுக் கடைக்காரன்