எடுத்து முடித்த படம் என்று நினைத்தேன்

என் பிரியமுள்ள செல்லக்கா,

நாளையோடு நீ போய் ஒரு வருஷம். தாராவியில் எல்லாரும் சுகம். உன் பள்ளிக்கூடத்தில் டிராயிங்குக்கு வேறு டீச்சர் வந்தாயிற்று. உன் படத்துக்கு இரவல் தந்த கேமராவை விக்ரோலிக் கம்பெனி இப்போது தன் கேட்டில் காவலுக்கு மாட்டியிருக்கிறதாம்.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன். மாட்டுங்காவில் உன் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை புதுவிதப் படம் வைத்திருக்கிறேன், வா என்றாய். என்ன படம் என்று கேட்டேன்.

"சொன்னா கெட்டுப்போகும்ல. பாக்கவன் என்ன செய்யுதான்கிறதுதான் படமே" என்றாய். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. உனக்கு எப்போதும் ஆளைச் சோதிக்கிற புத்தி.

நான் வந்தபோது வகுப்பில் பத்துப்பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் எதுவும் சொல்லக்கூடாது என்பது உன் உத்தரவாம். விஷயம் தெரிந்த உன் சிநேகிதி வெளிவாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள். மேஜைமேல் டெலிவிஷன் பெட்டி. டில்லியில் இருக்கிறதாம், எங்களில் யாரும் அதுவரை கண்டதில்லை. அதற்குள் நீ நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். சத்தமில்லாத படம். எங்கள் அக்காதான் என்று பக்கத்து மராத்திக்காரரிடம் பெருமையடித்தேன்.

பிறகு நீ நெஞ்சில் கைவைத்தாய். வாய் அசைந்தது. அப்படியே சரிந்து விழுந்தாய்.

என்னமாய் நடிக்கிறாள் என்று நினைத்தேன் அக்கா. படம் என்றால் என்றைக்கோ எடுத்தது. விழுந்தவள் எழுந்து வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பாள். எனக்குத் தெரிந்த படமெல்லாம் அப்படித்தானே? அதற்குப் பிறகு உன் கால் மட்டும்தான் தெரிந்தது. யாரோ கொட்டாவி விட்டார். முடிந்ததும் நீ வருவாய், நன்றாகக் கேலி செய்யலாம் என்று காத்திருந்தேன்.

படத்தில் கதவு திறந்தது. பள்ளிக்கூடம் பெருக்குகிறவள் உள்ளே வந்து உன்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். அலறல் பெட்டியிலிருந்து வரவில்லை. பக்கத்து அறையிலிருந்து வந்தது.

நடப்பதை நடக்கும்போதே காட்டுகிற பெட்டி அது என்று அப்போதுதான் புரிந்தது. எழுந்து ஓடினேன். பத்து எட்டு இருக்குமா அந்தத் தூரம்?

முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இப்போது சினிமாவில் யாராவது விழுந்தாலும் எழுந்துவிடுகிறேன். மானம் போகிறது, உட்காருங்கள் என்று என் வீட்டுக்காரி சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். கண்ணை மூடினால் உன் வாய் அசைகிறது. என்ன சொன்னாய்? தண்ணீர் கேட்டாயா? என்னைக் கூப்பிட்டாயா?

எல்லாம் முடிந்த பிறகுதான் அங்கே வந்தேன் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். இன்று காலை, நாளைய திதிக்கு எள்ளைப் புடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "அவ போவையில பக்கத்துல ஒரு ஆளு இல்லியேல. நாதியத்தவ மாதிரில்லா போயிட்டா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைவிடக் கேவலம் வேறு என்ன இருக்கிறது?

நாளை உனக்கு இலை போடும் முன்னே அம்மாவிடம் சொல்லிவிடுவேன். ஆள் இருந்தான், சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், அது நான்தான் என்று. அவள் என்னை அடித்தாலும் சரி, இனி என் முகத்தில் விழிக்காமல் போனாலும் சரி.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவன்,
முருகேசன்