பூத் தூவப் போகும் ஹெலி

வெள்ளவத்தை

அன்புள்ள மச்சான் நவரத்தினத்துக்கு,

நான் ஒன்றும் அபசகுனம் பேசவில்லை. நீதான் ரொறன்ரோவில் இருந்து கத்திப்போட்டுப் போனை வைத்தாய். உனக்குக் கடுதாசிதான் சரி. குறுக்கே கதைக்க மாட்டாய்.

ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஹெலி பிடித்துப் பூத் தூவுகிறாய், சந்தோசம். கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற அதே நேரம் பூ விழவேண்டும், பைலட்டைச் சுணங்க விடாதேங்கோ என்று கோயில் சபைக்குச் சொன்னாயே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப வந்து காஸ் அடுப்பைத் தடவிப் பார்க்கிற ஆள் நீ. பறக்கப்போகிறவன் தன் மெசினைச் சுற்றிப் பார்த்தால் மட்டும் பொறுக்காதோ?

பைலட் ஹரிசனைப் போய்ப் பார்த்தேன். மீசை இன்னும் முளைக்க யோசிக்கிறது. பகிடி பண்ணினால் சிரிக்கிறான். பிறகு மெல்ல, "அங்கிள், சபை ஆக்கள் கும்பிட்டுக் கேட்டா நான் என்னெண்டு மாட்டன் எண்டுறது?" என்றான்.

என் மகன் பிரசாந்தும் இப்படிப் பூத் தூவ ஹெலி ஓட்டின அன்றைக்கு அதை முழுக்கப் பார்த்து முடித்தவன்தான். அதற்குப் பிறகுதான் பூக்கூடைகளை ஏற்றினார்கள். மேலே சுவாமிக்குச் சாத்தின பட்டு, சும்மா போர்த்தபடி. அதை ஆர் இழுத்துக் கட்டுவது? பூத் தூவக் கதவும் கழற்றியிருந்தது. "பொறுங்கோ, இன்னொருக்கால் பாக்கவேணும்" என்று இறங்கப் போனானாம். "தம்பி, நேரம் போகுது, முருகன் பாத்துக்கொள்ளுவார், வெளிக்கிடும்" என்று பெரியாக்கள் கும்பிட்டார்களாம். பெரியாக்களுக்கு மாட்டேன் என்று சொல்ல நாங்கள் அவனைப் பழக்கவில்லை.

பட்டுப் பறந்துபோய் வால் விசிறியில் சுற்றிக்கொண்டது. முதலில் பூ விழுந்தது. கீழே நின்ற சனம் அரோகரா சொன்னதாம்.

இதையெல்லாம் உன் அக்காவுக்கு வாசித்து வாசித்துத்தான் எழுதுகிறேன். "பகிடியா எழுதுங்கோ, அப்பதான் அவன் கேப்பான்" என்று பக்கத்தில் இருந்தவள், இப்போது எழும்பிவிட்டாள். கதவு திறந்து கிடக்கிறது. செருப்பும் போடாமல், பஸ்ஸும் லொறியும் ஓடுகிற காலி ரோட்டுப் பக்கம் போகிறாள். நான் பின்னால் போகவேண்டும்.

பட்டு வேண்டாம், கூடையை வலை போட்டுக் கட்டட்டும். ஏற்றி முடிந்தபிறகு அவன் பார்க்கட்டும். நேரம் தப்பினால் தப்பட்டும் என்று சபைக்கு இன்றைக்கே நீ உன் வாயால் சொல்லு. அந்தப் பெடியனைப் பெற்றவர்கள் நல்லாயிருக்கவேண்டும், மச்சான்.

உன் அத்தான்
நாகமணி