லிஃப்டுக்கு உப்பில்லாத சாப்பாடு

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் மருத்துவமனைச் சமையலறை அம்மா போன் செய்தார். "லிஃப்ட் ரெண்டுன்னு ஒருத்தருக்கு உப்பில்லாத சாப்பாடு போட்டிருக்கு. எந்த ரூமுக்குக் கொண்டு போகணும்?"

சிரிப்பு வந்தது. அடுத்த நொடி கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

அந்த மருத்துவமனைக்காக நாங்கள் பார்த்துக்கொள்ளும் மென்பொருளில் எல்லோரும் நோயாளிதான். முதலில் எழுதியவர் நோயாளிக்கென்று பேர், அறை, தேதி வைத்தார். பிறகு டாக்டர்களைச் சேர்க்கச் சொன்னார்கள். அவர்களுக்கும் பேர், அறை, தேதிதானே என்று அதிலேயே தள்ளினார்கள். பின்னாலேயே ஆம்புலன்ஸ். அப்புறம் லிஃப்ட்: பழுதானால் 'அட்மிட்', ஓடினால் 'டிஸ்சார்ஜ்'. போன வாரம் வயதான நோயாளிகளுக்குத் தானாகவே உப்பில்லாத சாப்பாடு போகும்படி செய்தோம். லிஃப்டுக்கு வயதாகிவிட்டது போல!

வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகணும். என் மகள் பாப்பா அங்கேதான் இருக்கிறாள். அவள் அப்பா கப்பலில், நான் இந்த வேலையில். "வேலை முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறேன்" என்று விட்டு வந்தேன்.

பிப்ரவரி 11, புதன்

"லிஃப்ட், வண்டியெல்லாம் தனியா பிரிச்சிடலாம் சார்" என்றேன்.

மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஓடுற வண்டியில ஏம்மா கை வைக்கிறீங்க? நிஜ நோயாளி இல்லன்னா சாப்பாடு வேண்டாம்னு கோட்ல ஒரு வரி போடுங்க, போதும்."

எனக்கு முன்னால் இருந்தவர்களும் ஆளுக்கு ஒரு வரிதான் போட்டார்கள். துணி எது, ஒட்டு எது என்று இப்போது தெரியவில்லை. நானும் போட்டேன். ஊருக்குப் போகணுமே.

பிப்ரவரி 12, வியாழன்

அந்த வரியால் டியூட்டி டாக்டர்கள் அத்தனை பேரும் பட்டினி. அவர்களும் நிஜ நோயாளி இல்லையே! என் லீவு ரத்து.

பிப்ரவரி 13, வெள்ளி

போகவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

வீடியோவில் பாப்பா. எப்போ வருவே என்று இந்த முறை கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று பெரிய மனுஷி மாதிரி விசாரித்துவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.

ஏன் கேட்கலை? மறந்துட்டாளா? இல்ல, கேட்டுப் பிரயோஜனம் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டாளா? அவளைத் தூக்கணும் எனக்கு. அந்தக் கழுத்து வியர்வை வாசம் வேணும். இப்பவே வேணும்.

மார்ச் 7, சனி

ரெண்டு நாள் லீவு கிடைத்தது. அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாப்பாதான் கதவைத் திறந்தாள். கட்டிக்கொள்ளவில்லை. உள்ளே ஓடிப்போய், வருகிறவர்களுக்கென்று வைத்திருக்கும் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல்.

"நான் விருந்தாளி இல்லடி, அம்மா" என்றேன்.

என் பையைப் பார்த்தாள். "அப்போ ஏன் இவ்ளோ குட்டிப் பை?"

அழுதுவிட்டேன்.

"உன் வேலை முடியட்டும், அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா.

"அந்த வேலை என்னைக்கும் முடியாதுக்கா. யாருக்கும் முடிஞ்சதில்ல."

இனி சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்று மேனேஜருக்கு எழுதிவிட்டேன். பதில் வரவில்லை, வரும்போது வரட்டும். நாளைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. ஜன்னல் சீட் தனக்குத்தான் என்று பாப்பா சொல்லிவிட்டாள்.